சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு

டம்டம் என்றவுடன் பெஹாலாவில் வாழும் நம்மவருக்கு விமான நிலையமே நினைவுக்கு வரும். உலகத்தாருக்கோ அது தோட்டாவின் பெயர். என்ஃபீல்டு துப்பாக்கிக்குரிய கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவைப் பற்றிய பேச்சு 1857 ஜனவரியில் அங்கிருந்த ஆயுதச் சாலையில்தான் கிளம்பிற்று. அதன் விளைவைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். அதே டம்டத்தில் 1890-களில் காப்டன் பெர்ட்டி-கிளே என்பார், உடலிற் பாய்ந்ததும் விரிந்து புண்ணைப் பெரிதாக்கும் குண்டைச் செய்வித்தார். அவ்வகைக் குண்டைப் போரில் பயன்படுத்தலாகாதென 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாடு தீர்மானித்தது. காகிதமும் குண்டும் இவ்வாறு சரித்திரம் ஏறின. காகிதத்தின் இடத்துக்கு வந்த பித்தளைக் கூட்டைப் பற்றி மட்டும் எவரும் பேசக் காணோம். சுட்டு முடிந்ததும் கீழே விழுகின்ற அக்கூட்டை மீண்டும் நிரப்பிச் சுட முடியுமா, முடியுமெனில் அதற்கு என்ன தடை என்பது சுவையான விஷயம். அத்தடையை அறிந்துகொண்டதில் நம் நாட்டு மழைக்காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

தோட்டா என்பது முனையில் குண்டு, உள்ளே மருந்து, அடியில் தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் கேப் போன்ற பொறிமருந்து, இவற்றை ஏந்தி நிற்கும் கூடு ஆகியவை சேர்ந்தது. கூட்டுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். கூட்டின் வேலை மருந்தைச் சுமப்பது மட்டுமன்று. 7.62 மில்லிமீட்டர் ரைபிளைச் சுடும் கணத்தில் உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 ராத்தல். அவ்வழுத்தத்தில் கூடு உப்பித் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே நெருப்புக் காற்று பின்னோக்கி வந்து சுடுபவன் முகத்தைத் தாக்குவதில்லை. அழுத்தம் அடங்கியதும் கூடு சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. ஆனால் பழைய அளவுக்கு அது திரும்புவதில்லை. உப்பியதில் ஒரு பகுதி அப்படியே நின்றுவிடுகிறது.

அப்படிப் பெருத்த கூட்டை மறுபடி நிரப்புமுன் இளைக்கச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் குறி பழகுவோர் பலர் இதை வீட்டிலேயே செய்கின்றனர். கெட்டியான எஃகு அச்சுக்குள் கூட்டை நெம்புகோல் விசையால் செருகி எடுப்பர். அதற்குமுன் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். குறைந்தால் கூடு அச்சில் சிக்கிக்கொள்ளும், மிகுந்தால் எண்ணெய் ஒதுங்க இடமின்றிக் கூட்டின் தோளில் பள்ளம் விழும். உடல் முழுவதையும் இறுக்குவதும் உண்டு. அதே துப்பாக்கியில் மீண்டும் சுடுவதாயின், குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்குவதும் உண்டு. பின்னதில் பித்தளை படும் பாடு குறைவு. சுடுவதும் இறுக்குவதுமாக மாறி மாறி நடக்கையில் கூடு மெல்ல மெல்ல நீள்கிறது. நீண்ட நுனியை நறுக்கிவிடலாம். ஆனால் அந்த நீளத்தில் பெரும்பகுதி அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உள்ள சுவர் கொடுத்தது. அங்கே சுவர் மெலிந்து மெலிந்து, கடைசியில் வெளிப்புறம் பளபளப்பான வளையமாகத் தெரியும். அவ்வளையத்தைக் கண்ட பின்னும் அக்கூட்டைச் சுடுவது கண்ணைப் பணயம் வைப்பதாகும்.

கொல்கத்தாவுக்கு வடக்கே இச்சாபூர் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் செய்யப்பெற்ற .303 லீ-என்ஃபீல்டு ரைபிளில் இத்தொல்லை மிகுதி. சேறும் தூசும் படிந்த தோட்டாவும் தடையின்றி நுழைய வேண்டுமென்று அதன் அறையைத் தாராளமாக வெட்டியிருந்தனர். சிப்பாய் ஒரு கூட்டை ஒரு முறைதான் சுடுவான்; அவனுக்கு அதனால் நஷ்டமில்லை. மேலும் அத்தோட்டாவின் அடிப்பாகம் அமெரிக்கரான பெர்டன் வகுத்த முறையில் அமைந்தது. பொறி செல்லும் துளை நடுவில் இராமல் இரண்டு துளைகளாக ஒதுங்கியிருக்கும். எனவே உட்புறமிருந்து ஊசியால் குத்திப் பழைய கேப்பைத் தள்ள இயலாது. ஆங்கிலேயரான பாக்ஸர் வகுத்த நடுத்துளை முறையோ அமெரிக்காவில் நிலைபெற்று, மறுநிரப்பும் வழக்கத்துக்கு அங்கே துணையாயிற்று. பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வேரூன்றுவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று போலும்.

மெலிவு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வேறொன்றும் உண்டு; அதனை நம் ஊர்க் கன்னார் நன்கறிவர். செம்பையோ பித்தளையையோ சுத்தியால் தட்டத் தட்ட அது இறுகிப்போகும். இறுகியதை மேலும் தட்டினால் வெடிக்கும். ஆகவே இடையிடையே தணலிலிட்டுக் காய்ச்சி, மெதுவாக்கி, மறுபடி தட்டுவர். டயமண்ட் ஹார்பர் சாலை வழியே போகும் நமக்கு அறிமுகமான, 1952-இல் திறக்கப்பெற்ற அலிப்பூர் நாணயச் சாலை போன்ற இடங்களிலும், முத்திரை விழுமுன் நாணய வில்லைகளைக் காய்ச்சும் வழக்கம் இருக்கிறது. தோட்டாக் கூட்டின் கழுத்தும் ஒவ்வொரு முறை விரிந்து ஒடுங்கும்போதும் இறுகுகிறது. அதைக் காய்ச்சி மென்மையாக்காவிடில் நெடுகக் கீறிவிடும். ஆனால் அடிப்பாகத்துக்குச் சூடு ஏறலாகாது. அடி மென்மையானால் அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடும். பழைய முறையில் கூடுகளைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, நீருக்கு மேல் தெரியும் கழுத்தில் மட்டும் சுடர் காட்டுவர். தண்ணீர் அடியைக் காக்கும்.

இந்த இறுக்கத்தின் முழுத் தீமை வெளிப்பட்டது நம் நாட்டில். ஆங்கிலேயர் ஆட்சியில் ராணுவக் கிடங்குகளில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், ஒரு முறையும் சுடப்படாமலே, மழைக்காலத்தில் கழுத்தருகே கீறிக் கிடந்தன. வெயில் காலத்தில் நலமாயிருந்தவை மழையில் கெட்டமையால் இதற்குப் பருவப் பிளவு என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரிட்டனர். மழை ஓய்வில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைப்பதும் வழக்கமாயிருந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே வில்லன் என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் விளக்கினர். குண்டைப் பிடிக்கக் கழுத்தை இறுக்கியபோது பித்தளைக்குள் தங்கிய முறுக்கும், ஈரக்காற்றில் கலந்த அம்மோனியாவும் ஒன்று சேர்ந்தால் உலோகம் தானே பிளக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் அவ்வாறு பிளப்பதில்லை. ஆகவே கழுத்தைக் காய்ச்சி முறுக்கை நீக்கலாயினர். தோட்டாக்களும் லாயத்தை விட்டு அகன்றன. ராணுவத் தோட்டாவின் கழுத்தில் காணும் நீலம் கலந்த பழுப்புக் கறை அழுக்கன்று, அந்தச் சூட்டின் தழும்பு.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ராணுவத்திலும் போலீசிலும் சுட்ட கூடுகளை எண்ணி ஒப்படைப்பது வழக்கம். ஆகவே மேற்சொன்னவை வீட்டில் செய்து பார்ப்பதற்கல்ல. அம்மோனியாவின் செய்தி மட்டும் நம் அடுக்களைக்கும் உரியது. பித்தளைக்கு மெருகேற்றக் கடையில் விற்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. மறுநிரப்புவோர் தம் கூடுகளை அவற்றால் துலக்குவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த குடத்தை ஒடுக்கெடுத்திருந்தால் தட்டிய இடத்தில் முறுக்கு நின்றிருக்கும். பெஹாலாவின் ஆடி, ஆவணி ஈரமும் நாம் அறிந்ததே. அத்தகைய குடத்துக்குப் புளி போதும். புட்டியைத் திறந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறும் நெடியே அம்மோனியாவின் அடையாளம்.