கயிற்றில் ஒட்டிய மணல்

1909-ல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கிடந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் ஆராய்ந்தபோது அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பது தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலைப் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. விற்றவர்கள் கயிற்றை மட்டும்தான் விற்றார்கள். தங்கள் கரையின் ரகசியமும் கூடவே கப்பலேறியதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஆராய்ச்சித் தரவுகளை அனுப்பும் சர்வர்களிலும், கேட்டதோடு கேட்காததும் சேர்ந்து வெளியேறும் இந்த ஆபத்து உண்டு. வெளியூர் ஆய்வாளர் கேட்பது ஒரு கோப்பை. அவசரத்தில் திறந்துவிடுவது அது கிடக்கும் ஃபோல்டர் முழுவதையும். எதை, யாருக்கு, எத்தனை நாள் திறப்பது என்பதைத் தனிப் பயனரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், சர்வரை நடத்தும் நிறுவனமே எல்லை வகுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மோனசைட்டில் தோரியம் இருப்பதால் மணவாளக்குறிச்சி முதல் கொல்லம் வரையிலான கரையில் ஆங்காங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். இதே மணல் உள்ள கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வெளியானது. 1,379 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. ஆனால் கரையின் கதிர்வீச்சால் அது கூடியதாகத் தெரியவில்லை. இந்த முடிவை உலகம் முழுவதும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் அதற்குப் பின்னாலிருக்கும் தரவின் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர், ஒரு வயது, ஒரு நோய். பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. 2013-ல் யானிவ் எர்லிக்கின் குழு, பெயரில்லாமல் பொதுவில் கிடந்த மரபணுத் தொடர்களை இணையத்திலுள்ள வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய 50 பேரை இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டது. நம் கடற்கரை ஊர்களில் அவ்வளவு பாடும் தேவையில்லை. தேவாலயப் பங்கு, தொழில், வயது, நோய் நான்கும் தெரிந்தால் தெருவில் யாராலும் ஆளைச் சொல்லிவிட முடியும். பெண் பார்க்க வருகிறவர்கள் காதிலும் அது விழும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் புழங்கும் குளோபஸ் என்ற தரவுப் பகிர்வுச் சேவையைப் பாருங்கள். அதில் ஒருவர் தன் ஃபோல்டரைப் பகிர்ந்தால், பெறுகிறவருக்கு அந்த சர்வரில் கணக்கே வேண்டாம். பகிர்ந்தவரின் உரிமையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வருகிறார். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். அதனால்தான் அதன் நிர்வாகிக்குச் சில பிடிகள் தரப்பட்டுள்ளன: பகிர்வையே நிறுத்தி வைக்கலாம், குறிப்பிட்ட பயனர்களுக்கோ குழுவுக்கோ மட்டும் அனுமதிக்கலாம், இந்த ஃபோல்டருக்கு வெளியே எதையும் பகிர முடியாது என்று வேலி கட்டலாம், படிக்க மட்டும் விட்டு எழுதவும் அழிக்கவும் தடுக்கலாம். இந்தப் பிடிகளைத் தொடாமலேயே சர்வரை ஓட்டுவது கவனக்குறைவு.

அறிவியல் திறந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. 2017-ல் ஒக்கி புயலில் மீனவர்களை இழந்த குமரி மாவட்டத்துக்கு, எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேராததன் விலை தெரியும். காற்று, அலை அளவீடுகளுக்குப் பூட்டே கூடாது. நான் கேட்கும் வேலி மனிதர்களைப் பற்றிய தரவுக்கு. இரண்டையும் ஒரே சர்வரில் வெவ்வேறு ஃபோல்டரில் வைத்து வெவ்வேறு விதி போடுவது கடினமல்ல. பூட்டினால் மாணவர்கள் பென் டிரைவில் கொண்டுபோவார்கள் என்பது இன்னும் வலுவான மறுப்பு; அதை ஏற்கிறேன். முழுத் தடை தோற்கும். முறையான வழி பென் டிரைவைவிடச் சுலபமாக இருக்க வேண்டும்: கேட்ட அன்றே அனுமதி, முடியும் தேதி, யார் எடுத்தார் என்ற பதிவு. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேருடைய மரபணுத் தரவு 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையம் வழியே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டபோதும், விண்ணப்பித்து அனுமதி பெற்றே எடுக்க வேண்டும் என்றுதான் ஏற்பாடு.

குமரி மாவட்டத்தின் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆய்வு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சர்வரில் இதுவரை யார் யாருக்கு என்னென்ன பகிரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வேலை முடிந்தவர்களின் அனுமதியை ரத்து செய்யுங்கள்.