தீப்பெட்டிக்குள் அடங்கிய ரோடு ரோலர்: பழைய பொம்மையை வீசிவிடாதீர்கள்

ஈப்போ – தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்போது, பழைய பிஸ்கட் டின்னின் அடியில் சாயம் உதிர்ந்த ஒரு சின்ன புல்டோசரோ ரோடு ரோலரோ கிடைப்பதுண்டு. குப்பை லோரியில் போடும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில் 'லெஸ்னி', 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருந்தால், அது சேகரிப்பாளர்கள் தேடும் 'மேட்ச்பாக்ஸ்' பொம்மையாக இருக்கலாம்.

லெஸ்னி நிறுவனத்தை 1947-இல் லண்டனில் தொடங்கியவர்கள் லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள். பின்னர் அவர்களோடு சேர்ந்தவர் ஜேக் ஓடெல். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று மகளின் பள்ளியில் விதி இருந்ததால், பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே மேட்ச்பாக்ஸ். 1953-இல் வெளிவந்த வரிசையில் முதல் மூன்றும் கட்டுமான வாகனங்கள்: ரோடு ரோலர், மண் அள்ளிச் செல்லும் டம்பர், சிமெண்ட் கலக்கும் இயந்திரம்.

எப்படி அறிவது?

இரும்புப் பொம்மை என்று நாம் சொன்னாலும் இது இரும்பல்ல. துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்த்தது. காந்தம் வைத்தால் உடலில் ஒட்டாது.

தொடக்கக் காலப் பொம்மைகளுக்கு உலோகச் சக்கரம். பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அதன் பின் கறுப்பு. ஒரே வாகனத்துக்குச் சக்கரம் மாறினாலும் விலை மாறும். அசல் அட்டைப்பெட்டி இருந்தால் மதிப்பு கூடும். புதிதாகச் சாயம் பூசினால் குறையும்.

எப்படிக் காப்பது?

பழைய புல்டோசர்களின் சங்கிலிப் பட்டை ரப்பரால் ஆனது. பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணம் தெரியும்: வெயில் பட்டால் காய்ந்து வெடித்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றும் ஆகாது. உலர்ந்த தூரிகையால் தூசு தட்டி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய சாயத்தில் காரீயம் இருக்கலாம். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

விற்க நினைப்பவர்கள், இணையத்தில் கேட்கப்படும் விலையை நம்பாமல், உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தையிலும் விசாரிக்கலாம்.

ஏன் வைத்திருக்க வேண்டும்?

பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டு 1982-இல் ஓய்ந்தது. லெஸ்னி நிறுவனம் திவாலானதும் அதே 1982-இல்தான். ஈயக் கப்பலைப் பாதுகாத்து, மக்கள் பார்க்க வைத்திருக்கிறார்கள். பால்மரங்களையும் லயன் வீடுகளையும் தள்ளிச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் செய்த புல்டோசர்களுக்கு அப்படி ஒரு நினைவிடம் இல்லை. பல தோட்டங்களின் பெயர்கூட இன்று பெயர்ப்பலகையில் கிடையாது.

ஆகவே டப்பாவுக்குள் ஒரு துண்டுத்தாளும் வையுங்கள். பொம்மையை வாங்கித் தந்தவர் யார், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எத்தனையாவது லயன் என்று எழுதுங்கள். பொம்மையின் விலையைச் சந்தையில் கேட்டுக்கொள்ளலாம். இந்த விவரத்தைத் தாத்தா பாட்டியிடம் மட்டுமே கேட்க முடியும்.