வலம்புரி என்று எழுதிய பிழை: கடல் நுண்ணோடுகளை இனங்காணும் முறை

பணி ஓய்வுக்குப் பின் ஒருமுறை, நிலவியல் பயிலும் மாணவர் ஒருவர் தாம் தொகுத்த கலைச்சொற் பட்டியலைச் சரிபார்த்துத் தருமாறு என்னிடம் கொண்டுவந்தார். ஓடுகள் சுருளும் திசையைக் குறிக்கும் டெக்ஸ்ட்ரல், சினிஸ்ட்ரல் என்னும் இரு சொற்களுக்கு நேராக இடம் வெற்றாக இருந்தது. நான் தயங்கவே இல்லை. வலம்புரி, இடம்புரி என்று எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு அழகான சொற்கள் நம்மிடம் இருக்க, புதியன எதற்கு என்று அவரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

அது பிழை என்பதைச் சில மாதங்கள் கழித்தே உணர்ந்தேன். விலங்கியலார் ஓட்டின் சுருள்நுனியை மேலாகவும் வாயைத் தம்மை நோக்கியும் பிடித்துப் பார்க்கின்றனர். வாய் வலப்புறம் அமைந்தால் அது டெக்ஸ்ட்ரல். நம் வழிபாட்டு மரபோ சங்கின் மற்ற முனையை, அதாவது நீர் ஒழுகும் கூர்முனையை, மேலாகக் கொள்கிறது. ஆகவே நாம் அரிதென்று போற்றும் வலம்புரிச் சங்கு அவர்கள் கணக்கில் இடப்பக்கச் சுருள். என் சொல்லைப் பின்பற்றும் மாணவர் ஒவ்வோர் ஓட்டையும் தலைகீழாகவே பதிவுசெய்வார். அந்தப் பிழையைத் திருத்தப் புகுந்தபோதுதான் இந்த ஓடுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

ஃபோராமினிஃபெரா என்பவை ஒரே உயிரணுவால் ஆன கடலுயிரிகள். அவற்றுள் பல, சுண்ணாம்பால் ஆன ஓடு ஒன்றைத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்கின்றன. பெரும்பாலானவை கடலடியில் வாழ்வன. நீரில் மிதந்து வாழ்பவை சிறுபான்மையே. இன்று உயிரோடுள்ள மிதவை இனங்கள் ஏறத்தாழ 50. அவற்றின் ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவினது. உயிர் நீங்கியபின் ஓடுகள் மூழ்கி, ஆழ்கடல் தரையில் பரந்த சேறாகப் படிகின்றன. அச்சேற்றை நுண்சல்லடையில் கழுவி உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது ஆய்வாளர் பணி.

ஃபோராமினிஃபெரா என்னும் லத்தீன் சொல்லுக்குத் 'துளை தாங்கிகள்' என்று பொருள். ஓட்டின் சுவரிலுள்ள நுண்துளைகளைக் கண்டு இட்ட பெயர் என்றே பலரும் கருதுவர். உண்மை வேறு. 1826இல் பிரெஞ்சு அறிஞர் தோர்பிஞி இவற்றைக் கணவாய் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்கள் என்று எண்ணினார். நாட்டிலஸ் என்னும் உயிரின் ஓட்டறைகளை ஒரு குழல் இணைக்கிறது. இவற்றின் அறைகளையோ துளைகளே இணைக்கின்றன. அந்த வேறுபாட்டைக் குறிக்கவே அப்பெயர். 1835இல் துஜார்தேன் என்பார் இவை மிக எளிய உயிரிகள் என்று காட்டியதும் கணவாய்க் கொள்கை வீழ்ந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. சுழல்வது பூமியே என்று அறிந்த பின்னும் ஞாயிறு எழுந்தது என்று நாம் சொல்லிவருவதைப் போன்றதே இது.

புதைபடிவத்தில் உடல் இல்லை. ஓடு மட்டுமே சான்று. அதில் முதலில் நோக்கத்தக்கது அறைகளின் அடுக்கு. மிகச் சிறிய முதலறையில் தொடங்கி, உயிரி வளரவளர அறைகளைச் சேர்த்துக்கொண்டே செல்கிறது. நத்தையைப் போலச் சுருண்டால், ஒரு பக்கத்தில் எல்லாச் சுற்றுகளும் தெரியும். அதைச் சுருட்பக்கம் எனலாம். மறுபக்கத்தில் கடைசிச் சுற்றும், நடுவில் கொப்பூழ் போன்ற குழியும் தெரியும். ஒரே தளத்தில் சுருண்டால் இரு பக்கமும் ஒத்திருக்கும். ஹான்ட்கெனினா என்னும் பேரினம் இவ்வாறு சுருண்டு, அறைதோறும் உள்ளீடற்ற முள் ஒன்றை நீட்டியிருக்கும். ஒருமுறை கண்டவர் அதை மறவார். அது மறைந்த அடுக்கே, ஏறத்தாழ 34 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முடிந்த இயோசீன் காலத்தின் எல்லை. அதற்குரிய உலக அளவுகோலாக இத்தாலியின் மசிஞானோ என்னுமிடத்துப் பாறை கொள்ளப்பட்டுள்ளது.

அடுத்தது வாய். குளோபிஜெரினாவின் வாய் கொப்பூழில் திறக்கும். அதைப் பெரிதும் ஒத்த குளோபிஜெரினாய்டிஸ் சுருட்பக்கத்திலும் துணைவாய்களைக் கொண்டிருக்கும். ஓட்டைப் புரட்டிப் பார்க்காதவர் இரண்டையும் ஒன்றென்பார். இத்துறையில் படத்தொகுதிகள் ஒவ்வோர் ஓட்டையும் மூன்று பக்கங்களிலிருந்து காட்டுவது வீணன்று.

இனி விளிம்பு. சில ஓடுகளின் ஓரத்தில் கூரிய முகடு ஒன்று ஓடும். கப்பலின் அடிமரத்துக்கு ஏரா என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. அம்முகட்டுக்கு அதையே இட்டேன். இச்சொல்லில் நான் பிழை செய்யவில்லை என்று நம்புகிறேன். எனினும், ஏரா உள்ளவை எல்லாம் ஓரினம் என்று கொள்வதுதான் இத்துறையில் நேர்ந்த பெரிய இடறல். 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அழிந்த குளோபோட்ரங்கனாவுக்கு இரட்டை ஏரா உண்டு. அதன்பின் எஞ்சிய ஏரா அற்ற சிறு வடிவங்களின் வழியில் தோன்றிய மொரோசொவெல்லாவுக்கும் ஏரா வந்தது. அதுவும் மறைந்து பல மில்லியன் ஆண்டுகள் கழிந்தபின், இன்றும் வாழும் குளோபோரொட்டாலியாவுக்கு மீண்டும் ஏரா. மொரோசொவெல்லாவின் இனங்கள் பல நெடுங்காலம் குளோபோரொட்டாலியா என்றே நூல்களில் பெயர் பெற்றிருந்தன. வடிவம் ஒத்தது, வழி ஒக்கவில்லை.

மொழியியலார்க்கு இந்த இடறல் புதிதன்று. மலாய் மொழியில் கண்ணுக்கு மாத்தா. இக்காலக் கிரேக்கத்தில் மாட்டி. ஒலியும் பொருளும் ஒத்தும் உறவு சிறிதும் இல்லை. கிரேக்கச் சொல் ஒம்மாட்டியோன் என்னும் நீண்ட பழஞ்சொல்லின் தேய்வு. மாறாக, நம் செவி கன்னடத்தில் கிவி. செம்மையின் செம் அங்கே கெம்பு. செய் என்பது பழங்கன்னடத்தில் கெய். இத்தகைய சொற்களில் தமிழில் சகரம் வருமிடத்தில் அங்கே ககரம் முறையாக நிற்கிறது. உறவைக் காட்டுவது கண்ணைக் கவரும் ஒற்றுமையன்று. அடித்தளத்தில் ஒழுங்காகத் திரும்பும் ஒப்புமையே.

நுண்ணோடுகளில் அத்தகைய அடித்தளம் சுவர். 1960களிலிருந்து மின்னணு வருடு நுண்ணோக்கி பயன்பாட்டுக்கு வந்தபின் சுவரின் மேற்பரப்பைத் தெளிவாகக் காண முடிந்தது. சில தேன்கூடு போன்றவை, சில மென்மையானவை, சிலவற்றில் கொப்புளங்கள். சில உயிரோடிருக்கையில் ஊசிபோன்ற நெடுமுட்கள் தாங்கியவை. படிவத்தில் முட்கள் எஞ்சுவது அரிது. அவை நின்ற அடித்தடம் சுவரில் எஞ்சும். மறைந்த ஒலியை அது விட்டுச்சென்ற தடத்தால் அறிவதைப் போல, அத்தடத்தால் முள்ளை அறிகிறார்கள். இப்பார்வையில் ஏராவின் புதிரும் அவிழ்ந்தது. மொரோசொவெல்லாவின் ஏரா கொப்புளங்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானது. குளோபோரொட்டாலியாவின் ஏரா சுவரே தடித்து அமைந்தது. ஒரே உருவம், இரு வேறு கட்டுமானம். ஆகவே வகைப்பாட்டில் சுவருக்கு முதலிடமும், உருவத்துக்கு அடுத்த இடமும் தருவதே முறை என்பது என் துணிபு.

சுழல் திசைக்கு வருகிறேன். நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா என்னும் மிதவை இனத்தில், துருவக் குளிர்நீரில் இடச்சுருளும் வெம்மை மிகுந்த நீரில் வலச்சுருளும் மிகுதி என்று 1959இல் எரிக்சன் காட்டினார். ஓரினமே வெப்பத்துக்கேற்பத் திசை மாற்றுகிறது என்று கருதி, பழங்காலக் கடல் வெப்பத்தை அளக்க அவ்விகிதத்தைப் பயன்படுத்தினர். மரபணு ஆய்வோ அவை இரு வேறு இனங்கள் என்றது. 2006இல் கேட் டார்லிங்கும் உடனாய்ந்தோரும் வலச்சுருளினத்தை இன்கம்ப்டா என்னும் பெயரால் பிரிக்க முன்மொழிந்தனர். ஒவ்வோர் இனத்திலும் மிகச் சிறு விழுக்காடு எதிர்த்திசையில் சுருள்வதும் தெரியவந்தது. எனவே துருவச் சேற்றில் ஓரிரு வலச்சுருள் ஓடுகள் கிடைத்தால், அங்கே ஒருகாலத்தில் நீர் வெதுவெதுப்பாயிற்று என்று முடிவுகட்டிவிட முடியாது.

பெயரில் திசை புரண்டால் என்ன நேரும் என்பது இப்போது விளங்கும். என் பட்டியலைக் கொண்டு படிக்கும் மாணவர் வெதுவெதுப்பான கடலைப் பனிக்கடல் என்பார். பனிக்கடலை வெதுவெதுப்பானது என்பார்.

மாணவரை அழைத்துப் பட்டியலைத் திரும்பப் பெற்றேன். அவர் சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. வலம்புரி, இடம்புரி இரண்டையும் அடித்துவிட்டு, வலஞ்சுழி, இடஞ்சுழி என்று எழுதினேன். கடிகார முள்ளின் போக்கை வலஞ்சுழி என்பது பள்ளிக் கணிதத்தில் ஏற்கெனவே வழக்கிலுள்ளது. சங்கின் நினைவு அதில் குறுக்கிடுவதில்லை. ஆயினும் சொல் மட்டும் போதாது. மறுபக்கத்திலிருந்து நோக்கினால் எந்தச் சுழியும் எதிராகத் தோன்றும். ஆதலால் பதிவின் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: சுருட்பக்கத்திலிருந்து நோக்குகையில், அறைகள் கடிகார முள் செல்லும் திசையில் சேர்ந்துகொண்டே சென்றால் வலஞ்சுழி.