அலைரேகைக் கத்தி வாங்கும் முன்

1722-இல் பாரீசில் ரெயோமூர் என்ற அறிவியலாளர், இரும்பை எஃகாக்கும் கலையைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து வந்த ஓர் எஃகுக் கட்டி அவர் கைக்குக் கிடைத்திருந்தது. அதை அடித்து ஒரு கருவி செய்துதரப் பாரீசில் ஒரு கொல்லரும் அவருக்கு அகப்படவில்லை. அதன் காரணம் இன்று நமக்கு விளங்குகிறது. இந்திய எஃகில் கார்பன் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு. ஐரோப்பியக் கொல்லர்கள் பழகிய இரும்பை வெள்ளையாகக் காயவிட்டு அடிக்கலாம். இதை அப்படிக் காயவிட்டால் சம்மட்டி பட்டதுமே உதிர்ந்துவிடும். குறைந்த சூட்டில், திரும்பத் திரும்ப உலையில் வைத்து, பொறுமையாகத் தட்ட வேண்டும்.

அந்த ஆண்டுகளில் புதுச்சேரிதான் பிரெஞ்சுக் கம்பெனியின் இந்தியத் தலைமையிடம். அதைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே இந்த எஃகின் தடயம் இருக்கிறது. மேல்சிறுவளூர் என்ற சிற்றூரில், எஃகு உருக்கிய மூசைகளின் உடைசல்களைக் கண்டு, 1994-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டவர் உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன். மேற்கே நொய்யல் கரையில், கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட இரும்பு உலைகளின் காலம் 2000 ஆண்டுகளுக்கும் முந்தையது. மேல்நாட்டார் ‘உட்ஸ்’ என்று எழுதிய இந்த எஃகுக் கட்டிகள் கப்பலேறி மேற்காசியப் பட்டறைகளுக்குப் போயின. அங்கே வாளாகி, ‘டமாஸ்கஸ்’ என்று பெயர் பெற்றன. வாளின் உடலெங்கும் நீரலை போன்ற ரேகைகள் ஓடும்.

இன்று இணையக் கடைகளில் ‘டமாஸ்கஸ்’ என்று விற்கும் சமையலறைக் கத்திகளிலும் அலைரேகை உண்டு. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. அவற்றுக்கும் பழைய வாளுக்கும் பெயரும் தோற்றமும்தான் ஒற்றுமை. அந்த வேறுபாடு தெரிந்தவர்தான் கத்தியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே கொஞ்சம் உலைக்களத்துக்குள் போய்ப் பார்ப்போம்.

கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்திய ஜோசையா ஹீத், நம் ஊர்க் கொல்லர்களின் முறையைக் கவனமாகப் பதிவு செய்திருக்கிறார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, சராசரியாக ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, மண்மூசையில் இடுவார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு, பொடியாக நறுக்கிய உலர்ந்த ஆவாரங்கட்டை. மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. குழைத்த களிமண்ணால் வாயை அடைத்து உலர்த்துவார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால் போதும். கட்டையும் இலையும் கரிந்து, அவற்றின் கார்பன் இரும்புக்குள் ஏறும். கார்பன் ஏற ஏற உருகுநிலை இறங்கும். அதனால் துருத்திக் காற்றுக்கு எட்டும் சூட்டிலேயே உலோகம் உருகிவிடுகிறது. ஆறியதும் மூசையை உடைத்தால் உள்ளே ஓர் எஃகுக் கட்டி. ஆவாரையும் எருக்கும் புதுச்சேரிச் சாலையோரத்தில் இன்றும் முளைக்கிற செடிகள். அவற்றைக் கொண்டு, ஐரோப்பா திகைத்த ஓர் உலோகத்தை நம் கொல்லர்கள் செய்திருக்கிறார்கள். நம் பள்ளிப் பாடநூல்களில் இது இன்னும் விரிவாக இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்குப் போகும் முன் தொட்ட பொருள்களில் இந்த எஃகும் ஒன்று. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக் கைவினைஞருடன் சேர்ந்து, 1819 தொடங்கிச் சில ஆண்டுகள் இதன் கூட்டைக் கண்டறிய முயன்றார். முழு விடை கிடைக்கவில்லை. ரேகை எப்படி உண்டாகிறது என்பதற்கு நம்பத்தக்க விளக்கம் 1998-இல்தான் வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் பல ஆண்டுகள் பட்டறையில் செய்துபார்த்துச் சொன்ன விளக்கம் அது. தாதிலேயே மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற தனிமங்கள் கலந்திருந்தால், கட்டி உறையும்போது அவை வரிவரியாகப் பிரிந்து நிற்கும். பிறகு கொல்லர் பலமுறை காய்ச்சித் தட்டும்போது, அந்த வரிகளை ஒட்டியே இரும்புக் கார்பைடு என்ற கடினமான துகள்கள் திரளும். அமிலம் தடவினால் துகள் வரிசை வெண்மையாகவும் இடைவெளி கருமையாகவும் தெரியும். தேக்குப் பலகையில் ரேகை ஓடுவதைப் போல, அது உள்ளேயே இருக்கும் கோலம். வனேடியம் 0.003 விழுக்காடு இருந்தாலே போதும். அந்தத் தனிமங்கள் இல்லாத தாதுக்கு மாறியதும் கொல்லர்களுக்கு ரேகை கைவராமல் போயிருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து.

இன்றைய கத்தியின் ரேகை வேறு வழியில் வருகிறது. இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி அழுத்தி ஒன்றாகப் பற்றவைக்கிறார்கள். ஒன்றில் நிக்கல் கூடுதலாக இருக்கும். அமிலத்தில் தோய்த்தால் நிக்கல் உள்ளது பளபளப்பாக நிற்க, மற்றது கறுக்கும். தகட்டை முறுக்கியும் துளைபோட்டுத் தட்டியும் விதவிதமான கோலம் எடுக்கலாம். இதுவும் பழங்கலைதான், வட ஐரோப்பாவில் வைக்கிங்குகள் இப்படி வாள் செய்தார்கள். மதிக்க வேண்டிய கைத்திறன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜப்பானிய அடுக்குக் கத்திகளில் பெரும்பாலும் நடுவே ஒரே ஒரு கடின எஃகுத் தகடு. அதற்கு இருபுறமும் 33 அடுக்கு என்று மெல்லிய எஃகுப் போர்வை. மொத்தம் 67. வெங்காயத்தை வெட்டுவது அந்த நடுத்தகடு மட்டுமே. அடுக்கு 67 ஆனாலும் 101 ஆனாலும் கூருக்கு ஒன்றும் கூடாது.

அப்படியானால் நம் பழைய உட்ஸ் எஃகாவது இன்றைய எஃகை வெல்லுமா? வெர்ஹோவன் குழு 2008-இல் இதையும் சோதித்தது. உண்மையான உட்ஸ் கத்தியையும் இன்றைய எஃகுக் கத்திகளையும் எந்திரத்தில் பொருத்தி, கூர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளந்தார்கள். முழுதாகக் கடினமாக்கிய நிலையில், பந்துத் தாங்கி செய்யும் 52100 எஃகும் சவர பிளேடுக்கான சுவீடன் ஸ்டெயின்லெஸ் எஃகும் உட்ஸைச் சற்று முந்தின. கடினம் குறைந்த நிலையிலோ, உட்ஸ் முந்தியது. பழைய வாள்கள் பலவற்றின் கடினம் அந்தக் குறைந்த நிலைதான். அந்தக் காலத்தில் அதற்கு இணை இருந்திருக்காது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். பழம்பெருமையை அளவுக்கு மீறி உயர்த்தாமல், உள்ளதை உள்ளபடி மதிக்க உதவும் சோதனை இது. 2006-இல் ஒரு பழைய வாளில் நானோ குழாய்கள் தென்பட்டதாக ஜெர்மன் ஆய்வாளர்கள் அறிவித்ததும் உண்மை. ஆனால் அதைக் காட்டி இன்றைய அடுக்குக் கத்தியை விற்பவரை நம்ப வேண்டாம்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நடுத்தகடு என்ன எஃகு என்பதே. ஜப்பானின் விஜி-10 என்றோ, வேறு அறிந்த பெயரோ சொன்னால் மேலே பேசலாம். ‘ஒரிஜினல் டமாஸ்கஸ்’ என்பது விடையே ஆகாது. அடுத்தது கடினம். ராக்வெல் அளவில் சாதாரண ஐரோப்பியச் சமையல் கத்தி 56 முதல் 58 வரை. விஜி-10 கத்தி 60-ஐ ஒட்டி வரும். எண் கூடினால் கூர் நீடிக்கும், ஆனால் சில்லு பெயரும். எலும்பு, தேங்காய், உறைந்த மீன், இவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. வஞ்சிரத்தை முள்ளோடு துண்டு போட வெட்டுக்கத்தியும் அரிவாள்மனையும் இருக்கின்றன. புதுச்சேரி ரொட்டியின் முறுகிய மேல்தோலுக்குப் பல் வைத்த கத்திதான் சரி.

எஃகைவிடவும் நான் கூர்ந்து பார்ப்பது கத்தியின் மெலிவை. பிடியைப் பிடித்து, முனை உங்களை நோக்க நிறுத்தி, முதுகிலிருந்து கூர்வரை பாருங்கள். கூருக்குச் சற்று மேலேயே தடிமனாக இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் கேரட்டைப் பிளக்குமே தவிர நறுக்காது. மலிவான ரேகைக் கத்திகளின் பெருங்குறை இதுதான்.

போலி ரேகையை அறிவது கடினமில்லை. லேசரால் பொறித்ததும் அச்சடித்ததும் மேற்பரப்போடு நின்றுவிடும். உண்மையான அடுக்கு என்றால் முதுகிலும் பிடியருகே உள்ள வெட்டுமுகத்திலும் மெல்லிய கோடுகள் தெரியும். கூரை ஒட்டி ரேகை ஒழுங்கற்ற ஒரு கரையோடு நின்று, அதற்குக் கீழே வெற்றெஃகு தென்படும்; அதுதான் நடுத்தகடு. கத்தியின் இரு பக்கமும் அச்சு மாறாமல் ஒரே கோலமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நடுத்தகடே இல்லாமல் முழுதும் அடுக்காக, என்ன எஃகு என்ற விவரமின்றி வருபவையும் உண்டு. அவை பெரும்பாலும் துருப்பிடிக்கும் வகை.

கடலோர ஊரில் இந்தத் துரு சிறிய விஷயமல்ல. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் குரோமியம் குறைந்த எஃகு விரைவில் துருவேறிவிடும். எலுமிச்சையும் மாங்காயும் புளியும் பட்டால் கறுத்து, காய்க்கும் இரும்பு வாசம் ஏற்றும். புதுச்சேரி வீட்டுக்கு என் பரிந்துரை, நடுவும் போர்வையும் ஸ்டெயின்லெஸ் ஆன 16 முதல் 18 சென்டிமீட்டர் கத்தி. கார்பன் எஃகுதான் வேண்டும் என்பவர், நறுக்கிய கையோடு கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிவைக்கும் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும்.

எந்த வகையானாலும் கழுவிய பாத்திரங்களோடு ஈரமாகக் கிடக்க விடாதீர்கள். மரப்பலகையில் நறுக்குங்கள், கருங்கல் மேடையும் கண்ணாடிப் பலகையும் கூரைக் கொன்றுவிடும். தெருவில் வரும் சாணைக்காரரின் உலர்ந்த சக்கரத்துக்கு அரிவாள்மனை தாங்கும். மெல்லிய கடினக் கத்தி தாங்காது. பொறி பறக்கும் சூட்டில் கூரோரம் நீலம் பாரித்தால் அங்கே கடினம் போய்விட்டது என்று பொருள். 1000 எண் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கி, நனைத்து, பக்கத்துக்கு 15 பாகைச் சாய்வில் நீங்களே தீட்டிக்கொள்ளுங்கள். கம்பிநாரால் தேய்த்தால் ரேகை மங்கும். அடுக்கு உண்மையானதாக இருந்தால், விவரம் தெரிந்த ஒருவர் ஃபெரிக் குளோரைடில் தோய்த்து அதை மறுபடி எழுப்பிவிடலாம்.