உள்ளங்காலைக் கேட்காத கணிப்பு

மட்டக்களப்பு வாவியில் வலை வீசுகிறவரின் முதுகில் விழுவது லேசான வெயிலல்ல. பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் கிடக்கிற ஊர் இது. தெளிந்த நாளின் நண்பகலில் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது இங்கே வழக்கம். அப்படியிருந்தும் ஆஸ்திரேலிய வெள்ளையரிடம் போலத் தோல் புற்றுநோய் இங்கே பரவலாக இல்லை. தோலுக்குக் கறுப்பு தரும் மெலனின் நிறமி காக்கிறது. ஆனால் அந்தக் காவலை நம்பி, 'கறுத்த தோலுக்கு அது வராது' என்று இருந்துவிடுகிறோம். ஆபத்தைக் கணிக்கும் கருவிகளும் நம்மை நினைத்துச் செய்யப்பட்டவையல்ல. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வைத்திருக்கும் கணிப்பு வெள்ளையினத்தவருக்கானது. வெயிலில் தோல் வெந்து சிவந்ததுண்டா, மேனியில் மச்சங்கள் எத்தனை என்றெல்லாம் அது விசாரிக்கும். வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரை விவசாயி பெரும்பாலும் 'இல்லை' என்பார். அதை வைத்து அவருக்கு ஆபத்தில்லை என்று எழுதிவிட முடியாது.

அவரிடம் முதலில் கேட்க வேண்டியது உள்ளங்காலைப் பற்றி. கறுத்த தோலினருக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் வரும். ஜமேக்கப் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் அதைக் கால்விரலில் கண்டார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார். வாவிச் சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிறவரின் குதிக்காலில் வெடிப்பும் காய்ப்பும் கறையும் எந்நாளும் உண்டு. அதற்குள்ளே ஓரம் கோணிய கறுப்பு ஒன்று பரவினால், முள் குத்திய இடம் என்றுதான் தோன்றும். தேய்த்துக் கழுவியும் போகாமல் மாதாமாதம் அகலுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அடுத்தது பழைய தழும்பு. ஆறாத தீக்காயத் தழும்பில் புற்று முளைப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்குச் சராசரியாக முப்பது வருஷமளவு பிடிக்கும். 1990களின் போர்க்காலத்தில் எரிகாயம் பட்டவர்களுக்கு அந்தக் காலம் இப்போதுதான் நெருங்குகிறது, என் கவலை இதில்தான் அதிகம். பிறவியிலேயே நிறமியில்லாத பிள்ளைகளுக்கோ வெயிலே நேரடி எதிரி. தொப்பியும் நீளக்கைச் சட்டையும் சிறுவயதிலிருந்தே வேண்டும்.

அபூர்வமான நோய்க்காகச் சனங்களைப் பயமுறுத்துவதா என்று கேட்கலாம். அபூர்வம் என்பதாலேயே யாரும் தேடுவதில்லை, கண்டுபிடிக்கும்போது பிந்திவிடுகிறது. நீரிழிவுக் கிளினிக்கில் எப்படியும் காலைப் பார்க்க வேண்டும். கூடவே உள்ளங்கால், பழைய தழும்பு பற்றிய இரண்டு கேள்விகளையும் கேட்க ஒரு நிமிஷம் போதும். வாகரையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும் என்பது நியாயமான பேச்சு. அதனால்தான் கேள்வி கிராமத்துக் கிளினிக்கிலேயே கேட்கப்பட வேண்டும். பல வாரமாக ஆறாத புண்ணும் அகலும் கறுப்பும் உள்ளவரை மட்டும், சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கடிதத்தோடு அனுப்பலாம்.