அகச்சிவப்பு நிறமாலையியலும் நீர்வெப்ப மாற்றக் கனிமங்களும்

நீர்வெப்ப மாற்றம் என்பது நிலத்தடியில் சூடேறிய நீர் பாறை வெடிப்புகளின் வழியே பாயும்போது அங்குள்ள கனிமங்களை வேறு கனிமங்களாக மாற்றும் நிகழ்வு ஆகும். பெல்சுபார் சிதைந்து இல்லைட்டு, கயோலினைட்டு முதலிய களிமண் கனிமங்களாகிறது, பயோட்டைட்டு குளோரைட்டாகிறது. இக்கனிமங்கள் மிக நுண்ணியவையாதலால் கண்ணால் பிரித்தறிவது கடினம். அவற்றை இனங்காண அகச்சிவப்பு நிறமாலையியல் பயன்படுகிறது.

செயற்படும் முறை

பாறையின் மீது ஒளியைச் செலுத்தி, எதிரொளித்து வரும் அகச்சிவப்புக் கதிர் அலைநீளவாரியாக அளக்கப்படுகிறது. கனிமத்திலுள்ள ஐதராக்சில் தொகுதியும் நீர் மூலக்கூறும் தமக்குரிய அலைநீளங்களை உட்கவர்வதால் நிறமாலையில் பள்ளங்கள் தோன்றும். நீர் 1,900 நானோமீட்டருக்கு அருகிலும், அலுமினியம் சார்ந்த ஐதராக்சில் 2,200க்கு அருகிலும் பள்ளம் காட்டும். கயோலினைட்டில் இது 2,160, 2,200 என இரட்டைப் பள்ளமாக இருக்கும். குளோரைட்டும் எபிடோட்டும் 2,250க்கும் 2,350க்கும் அருகில் காட்டுவன. கையடக்கக் கருவியால் ஒரு மாதிரியைச் சில நொடிகளில் அளக்கலாம், பொடியாக்க வேண்டியதில்லை.

புவிவெப்பப் புலங்களில்

ஆழ்துளையிடுதல் பெருஞ்செலவு பிடிப்பது. எனவே துளையில் கிடைக்கும் பாறைத் துகள்களைக் கொண்டு வெப்பநிலையை மதிப்பிடுவது பயனுள்ளது. சுமெக்டைட்டு குறைந்த வெப்பநிலையிலும், இல்லைட்டு ஏறத்தாழ 220 பாகை செல்சியசுக்கு மேலும், எபிடோட்டு ஏறத்தாழ 240 பாகைக்கு மேலும் பொதுவாக உருவாகின்றன. ஆனால் கனிமம் காட்டுவது அது உருவான காலத்து வெப்பமே. புலம் பின்னர் குளிர்ந்திருந்தாலும் எபிடோட்டு அங்கேயே இருக்கும். ஆகவே துளையில் நேரடியாக அளந்த வெப்பநிலையுடன் ஒப்பிடாமல் முடிவு கூறுதல் தவறாகும்.

இந்தியாவில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்திலுள்ள இப்பகுதியில் வெந்நீரூற்றுகளுடன் வெண்காரமும் கந்தகமும் படிந்துள்ளன. 1970களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இங்கு துளையிட்டு ஆராய்ந்தது. இத்தகைய தொலைவான, மரஞ்செடி குறைந்த நிலங்களுக்குச் செயற்கைக்கோள் படங்களும் ஏற்றவை. 1999இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் ஆசுட்டர் கருவி இவ்வலைநீளங்களை ஆறு பட்டைகளில் பதிந்தது. அப்பட்டைகள் 2008இல் பழுதாயின. அதற்கு முந்தைய படங்களே பயன்படுவன.

தருமபுரி மாவட்டத்தில்

தருமபுரி மாவட்டம் வெந்நீரூற்றுகளுக்குப் பெயர் பெற்றதன்று. எனினும் பண்டைய வெப்ப நீர் பாய்ந்த தடம் அங்குள்ளது. அரூரிலிருந்து, 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊத்தங்கரை நோக்கிச் செல்லும் பட்டையில், குவார்ட்சு நரம்புகளில் மாலிப்டினைட்டு காணப்படுகிறது. இது மாலிப்டினத்தின் முதன்மைத் தாது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. குவார்ட்சும் பெல்சுபாரும் மேற்கூறிய அலைநீளங்களில் தெளிவான பள்ளம் காட்டுவதில்லை. அவற்றுக்கு 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான வெப்ப அகச்சிவப்பு வேண்டும். மாலிப்டினைட்டோ ஒளியை விடாத கனிமம். எனவே தாதுவை நேரே தேடாமல், நரம்பின் ஓரத்தில் மாற்றமுற்ற பாறையிலுள்ள வெண்மைக்கா, குளோரைட்டு, எபிடோட்டு ஆகியவற்றைத் தேடுவதே வழி. வெப்ப மண்டல வானிலைச் சிதைவினாலும் கயோலினைட்டு உண்டாவதால், அதனை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. சிதைவால் உண்டான கயோலினைட்டில் இரட்டைப் பள்ளம் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். ஆனால் இதுவும் உறுதியான அளவுகோல் அன்று. ஐயமுள்ள மாதிரிகள் எக்சு-கதிர் விளிம்பு விளைவு முறையால் சரிபார்க்கப்படுகின்றன.