பட்டாவில் இல்லாத பாட்டன்

நம்மில் பெரும்பாலோருக்குத் தாத்தாவின் பெயர் தெரியும். அவருடைய தந்தையின் பெயரைக் கேட்டால் சற்றுத் தயங்குவோம். அதற்கும் முந்தைய தலைமுறையைக் கேட்டால், மௌனம்தான் விடையாக வரும். பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளும் நம் மரபில், ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த எழுத்து மாறிவிடுகிறது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் 'பெயரன்' என்ற சொல் பிறந்தது. அந்த வழக்கமும் அருகி வருவதால், தலைமுறைகளை இணைத்த கடைசிக் கண்ணியும் அறுந்துகொண்டிருக்கிறது.

மேலை நாடுகளில் முன்னோரைத் தேடுவது மக்களின் உரிமையாகவே கருதப்படுகிறது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், குடும்ப வரலாறு தேடுவோருக்காகக் கட்டணமின்றி விரிவுரைகளும் பயிற்சிகளும் நடத்துகிறது. அங்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் படிவங்கள் 72 ஆண்டுகளுக்குப் பின் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1950-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரலில் வெளியாயின.

நம் நாட்டில் அந்த வழி இல்லை. கணக்கெடுப்பில் பெறப்படும் தனிநபர் விவரங்கள் பிறர் பார்வைக்கு உரியவை அல்ல என்கிறது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே, இங்கு குடும்ப வரலாற்றின் முதன்மைச் சான்று நிலக் கணக்கே. மனிதரைக் கணக்கிட்டதைவிட மண்ணைக் கணக்கிடுவதில்தான் நம் அரசுகள் கூடுதல் அக்கறை காட்டின.

அந்த வகையில் தஞ்சைத் தரணியைப் போல எழுத்துச் சான்று செழித்த நிலப்பகுதிகள் அரிது. பெரிய கோயிலில் பணிபுரிய அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு தரப்பட்டது என்பதையெல்லாம் முதலாம் இராசராசன் கல்லில் பொறித்து வைத்தான். ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய முகவரிப் பட்டியல் அது. அதே கோயிலில், தம் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் 1803-இல் பொறிக்கச் செய்தார் இரண்டாம் சரபோஜி. ஒரு குடும்பத்தின் வம்சாவளியே நெடிய கல்வெட்டாக நிற்பதை இன்றும் காணலாம்.

அரசர்களுக்குக் கல் கிடைத்தது. குடிமக்களின் கதை ஓலையிலும் தாளிலும் கிடக்கிறது. மராட்டியர் அரண்மனையின் அன்றாடக் கணக்குகளும் கடிதங்களும் மோடி என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் கட்டுகள் சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989-இல் தமிழாக்கி வெளியிட்டது. அரச குடும்பத்தினர் மட்டுமன்றி, கூலி பெற்றோரும் கொடை பெற்றோரும் கலைஞர்களும் அவற்றில் தலைகாட்டுகிறார்கள்.

ஆங்கிலேயர் காலத்து ஆவணங்கள் இன்னும் விரிவானவை. 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் தயாரித்த பதிவேடுகளில், மானியம் முதலில் யாருக்கு வழங்கப்பட்டது, அப்போது அதை அனுபவித்தவர் யார், அவருடைய வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பன தனித்தனிக் கட்டங்களில் எழுதப்பட்டுள்ளன. ஒரே பக்கத்தில் இரண்டு, மூன்று தலைமுறைகள் கிடைக்கக்கூடும். இவற்றோடு நிலவரித் திட்டப் பதிவேடுகள், சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்கள், கிராம முன்சீப்புகள் எழுதிய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இத்தகைய பதிவுகளின் பெருங்களஞ்சியம்.

ஆவணம் இருப்பது ஒன்று; அது மக்களுக்குப் பயன்படுவது வேறு. இடையே நான்கு தடைகள் உள்ளன.

முதலாவது, எழுத்து. மோடி வாசிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே. பழைய ஓலையில் புள்ளியின்றி எழுதப்பட்ட தமிழையே படிக்கத் தெரியாதவர்கள் நாம். இரண்டாவது, காலம். 'ரக்தாட்சி வருஷம்' என்று மட்டும் ஓர் ஆவணம் சொன்னால், அது 1864-ஆகவும் இருக்கலாம், 1924-ஆகவும் இருக்கலாம். பசலி ஆண்டுடன் 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்?

மூன்றாவது, அளவு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்ற கணக்கு முதியவர்களின் நாவில் இருக்கிறது. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு என்ற பின்ன வாய்பாடு அவர்களிடமும் மறைந்துவிட்டது. ஊர் நிலத்தைப் பங்கு பங்காக அனுபவித்த மிராசு முறையை இந்தப் பின்னங்களை அறியாமல் விளங்கிக்கொள்ள இயலாது. நான்காவது, எந்தத் தாள் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்ற விவரம். பரம்பரையாகக் கணக்கெழுதிய கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. அது தேவையான சீர்திருத்தம்தான். ஆனால், ஊர்க் கணக்கை வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையும் அத்துடன் விடைபெற்றது.

தகவல் சிலரிடம் மட்டும் குவிந்திருந்தால் அதன் விலையை ஏழைகளே கொடுப்பர் என்பது பொருளியலின் பாலபாடம். வாரிசுரிமை, பாகப்பிரிவினை, குத்தகை உரிமை என எந்த வழக்கானாலும் வம்சாவளியும் பழைய ஆவணமும் தேவை. படிக்கத் தெரியாதவர் இடைத்தரகரை நாடுகிறார். அவர் கேட்டதைக் கொடுக்கிறார்.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்றுண்டு. நிலக் கணக்கே குடும்ப வரலாறு என்றால், நிலமே இல்லாதவரின் வரலாறு எங்கே இருக்கிறது? காவிரிப் படுகையில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்துக் களம் சேர்த்தவர்கள் பண்ணையாள்கள். பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால், அவர்கள் எங்குமே பதிவாகவில்லை என்பது உண்மையன்று. தேட வேண்டிய இடம்தான் வேறு.

1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும், 1971-ஆம் ஆண்டின் குடியிருப்பு மனை உரிமைச் சட்டமும் உழைப்பவரின் பெயரை அரசு ஆவணத்துக்குள் கொண்டுவந்தன. அதற்கும் முன்பே கடல் கடந்தவர்களின் பெயர்கள் கப்பல் பட்டியல்களில் உள்ளன. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேரில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், அங்க அடையாளம் என அனைத்தும் அப்பட்டியல்களில் உள்ளன. மோரீஷஸில் மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாத்துவரும் குடியேற்ற ஆவணங்களைக் கொண்டு, அந்நாட்டினர் தம் மூதாதையரின் சொந்த ஊரைக் கண்டறிகின்றனர்.

வேதனை என்னவென்றால், அவர்கள் அந்த ஊர்ப் பெயரை ஏந்தி இங்கு வரும்போது, அடுத்த அடியை எங்கே எடுத்து வைப்பது என்று சொல்ல நம்மிடம் ஆளில்லை.

தமிழகத்தில் சுவடி, கல்வெட்டுப் பயிற்சிகள் அவ்வப்போது நடைபெறவே செய்கின்றன. அவை பெரும்பாலும் மாணவர்களையும் ஆய்வாளர்களையும் மனத்தில் கொண்டவை. நமக்குத் தேவை, குடும்பத் தலைவியும் விவசாயியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வந்து அமரக்கூடிய கட்டணமில்லா வகுப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை போதும். முதல் வகுப்பில் ஆண்டுக் கணக்கு, இரண்டாவதில் நில அளவும் பின்னமும், மூன்றாவதில் பழைய பத்திரம் படித்தல், நான்காவதில் எந்த ஆவணத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்ற விளக்கம். விரும்புவோர்க்கு மோடி எழுத்து. சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகம், ஆவணக் காப்பகம், வருவாய்த் துறை ஆகிய நான்கும் கைகோத்தால் இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வருபவர்கள் தம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஓலையையும் பத்திரத்தையும் கொண்டுவந்தால், படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பித் தரலாம். கரையான் தின்னும் முன் அவை காப்பாற்றப்படும்.

வம்சாவளித் தேடல் சாதிப் பெருமிதத்தை வளர்க்காதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான அச்சம்தான். குலப்பெருமை பேசும் கதைகள் ஏற்கெனவே உலவுகின்றன. அவை வளர்வது ஆவணம் இல்லாத இடத்தில்தான். சான்றுகளை நேராகப் பார்ப்பவர் வேறொன்றைக் காண்பார். தமிழும் தெலுங்கும் மராத்தியும் சௌராஷ்டிரமும் பேசியவர்கள் வெவ்வேறு காலங்களில் வந்து கலந்த மண் தஞ்சை. பெருமைக்குரிய கொடை ஆவணம் கிடைக்கும் அதே இடத்தில், மனிதரை விலைக்கு விற்ற ஓலையும் கிடைக்கும். இரண்டையும் படிக்கக் கற்பதே வரலாற்றுக் கல்வி.

அத்தகைய வகுப்பொன்று தஞ்சையில் தொடங்கப்படுமானால், முதல் வரிசையில் அமர வேண்டியவர்கள் பட்டாவில் பாட்டன் பெயர் இல்லாதவர்களே. மற்றவர்களுக்குத் தேட ஓரிடமேனும் இருக்கிறது. இவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டுவது அரசின் கடமை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).